பத்தே பத்துப் பிரதி

கையெழுத்துப் பத்திரிகை என்றதும் பலருக்கு ஒரு சிரிப்பு வரும். பத்தாவது படிக்கும் நாலு பையன்கள் சேர்ந்து, கோடு போட்ட நோட்டில் கவிதையும் துணுக்கும் எழுதி, அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து வகுப்புக்குள் சுற்றுக்கு விடுவார்கள். இரண்டு இதழ் வரும். மூன்றாவது வருவதற்குள் பரீட்சை வந்துவிடும். 'பெரிய' பத்திரிகைக்கு எழுதப் போகுமுன் கை பழகுகிற விளையாட்டு, அவ்வளவுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

விளையாட்டு இல்லை. இந்த மாதிரி வீட்டுத் தயாரிப்புப் பத்திரிகைகளுக்கு ஆங்கிலத்தில் 'ஸீன்' என்று பெயர். (தமிழில் 'சீன் போடுவது' வேறு சமாச்சாரம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெரிய சமூகத்துக்குள்ளேயே தங்களுக்கென்று தனிப் பேச்சு, தனி ரசனை, தனிக் கவலை வைத்திருக்கும் சின்னக் கூட்டங்கள் எப்போதும் உண்டு. அந்தக் கூட்டங்களைக் கூட்டமாக்கியதே பல சமயம் இந்தப் பத்திரிகைகள்தான்.

ஸீன்களைப் புகழ்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: "யார் வேண்டுமானாலும் பத்திரிகை நடத்தலாம் என்று காட்டினார்கள்". உண்மைதான், ஆனால் பாதி உண்மை. யார் எழுதுவது என்பதை மட்டுமல்ல, யார் படிப்பது என்பதையும் அவர்களேதான் முடிவு செய்தார்கள். இந்த இரண்டாவது பாதியை இப்போது எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறந்ததால் ஒரு பெரிய தப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கடைசியில் வரலாம். முதலில் ஒரு கதை. (கதை என்றால் நடந்த கதை.)

1947. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ். ஆர்.கே.ஓ என்ற சினிமா ஸ்டூடியோவில் எடித் ஐட் என்ற இளம்பெண் காரியதரிசி வேலை பார்த்தார். வயது 25. வேலை அதிகம் கிடையாது. அவருடைய மேலாளருக்கோ ஒரே ஒரு கவலைதான். வேலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெண் மும்முரமாக இருப்பதுபோல் தெரிய வேண்டும். பத்திரிகை படிக்கக் கூடாது, ஸ்வெட்டர் பின்னக் கூடாது. சரி, டைப் அடித்தால்? டைப் அடித்தால் யாரும் கேட்கப்போவதில்லை!

அவர் டைப் அடித்தார். புத்தக விமர்சனம், சினிமா விமர்சனம், நாடக விமர்சனம், கவிதை, சிறுகதை, மனதில் பட்டது எல்லாம். ஐந்து பிரதிகள் வருகிற மாதிரி நடுநடுவே கார்பன் தாள் சொருகி ஒரு முறை. அதே பக்கத்தை முதல் எழுத்திலிருந்து மறுபடியும் இன்னொரு முறை. ஆக மொத்தம் பத்துப் பன்னிரண்டு பிரதி. பத்திரிகைக்குப் பெயர் 'வைஸ் வெர்ஸா'. 1947 ஜூனில் ஆரம்பித்து 1948 பிப்ரவரி வரை ஒன்பது இதழ்கள் வந்தன. விலை கிடையாது. எழுதியவர் பெயர் எதிலும் கிடையாது.

ஏன் பெயர் இல்லை? எடித் ஐட் பெண்களை நேசித்த பெண். அவர் டைப் அடித்த பத்திரிகை அவரைப் போன்ற பெண்களுக்கானது. வட அமெரிக்காவில் லெஸ்பியன் பெண்களுக்கென்று வெளிவந்த முதல் பத்திரிகை இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு சட்டப்படி குற்றம், மருத்துவப்படி நோய். இது வெளியே தெரிந்தால் வேலை போகும், வீடு போகும். தெருவில் போகிறவர்களை நிறுத்தி 'நீங்களும் என்னை மாதிரியா?' என்று கேட்க முடியாது. நட்பு வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளத்தான் பத்திரிகை ஆரம்பித்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். புரட்சி, போராட்டம் எல்லாம் அவர் மனதில் இருந்ததாகத் தெரியவில்லை. தனியாக இருந்தார். துணை வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

முதல் இதழின் சில பிரதிகளைத் தபாலில்தான் அனுப்பினார். தெரிந்தவர் ஒருவர் பதறிப்போய் எச்சரித்த பிறகு நிறுத்திக்கொண்டார். 1873இல் வந்த காம்ஸ்டாக் சட்டப்படி 'ஆபாசமான' எதையும் தபாலில் அனுப்பினால் சிறை. எது ஆபாசம் என்பதைத் தபால் துறையே தீர்மானிக்கும். 'வைஸ் வெர்ஸா'வில் ஆபாசம் என்று சொல்ல ஒரு வரி கிடையாது. ஆனால் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? இதே ஊரிலிருந்து 1953இல் வர ஆரம்பித்த 'ஒன்' பத்திரிகையின் 1954 அக்டோபர் இதழைத் தபால் துறை தடுத்து வைத்தது. அவர்கள் வழக்குப் போட்டு, கீழே எல்லா நீதிமன்றங்களிலும் தோற்று, 1958 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஜெயித்தார்கள். பதினோரு வருஷம் முன்னால் ஒரு டைப்பிஸ்ட் பெண் இதையெல்லாம் தனியாகச் செய்திருக்க முடியுமா?

எனவே கையோடு கை. தெரிந்த பெண்ணிடம் ஒரு பிரதி, பெண்கள் கூடுகிற மதுக்கடையில் ஒரு பிரதி. படித்துவிட்டுத் தூக்கிப்போடாமல் இன்னொருத்திக்குக் கொடு என்ற வேண்டுகோளோடு. ஒரு பிரதியை எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒவ்வொரு பிரதியும் தெரிந்த கையிலிருந்து தெரிந்த கைக்குத்தான் போயிற்று.

ஒரு இதழில் அவர் ஒரு ஆசையை எழுதிவைத்தார். என்றாவது ஒரு நாள் இப்படிப்பட்ட பத்திரிகைகள் எல்லாக் கடைகளிலும் மற்றவற்றோடு சேர்ந்து தொங்கும், 'வைஸ் வெர்ஸா' அதற்கு முன்னோடியாக இருக்கலாம் என்று. பத்துப் பிரதி அடிக்கிறவருக்கு எவ்வளவு தைரியம்! ஆனால் தனக்கு அந்தக் கடை வேண்டும் என்று அவர் அவசரப்படவில்லை. கொஞ்ச காலத்தில் ஸ்டூடியோ கை மாறியது, அந்த வேலையும் போயிற்று. புது வேலையில் நேரமும் இல்லை, மறைவும் இல்லை. பத்திரிகை நின்றுபோனது.

சரி, கார்பன் தாள் வைத்துப் பத்திரிகை நடத்தும் யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் சுவாரசியம். எடித் ஐட் ஒரு தீவிரமான அறிவியல் புனைகதை ரசிகை! லாஸ் ஏஞ்சலஸ் அறிவியல் புனைகதை வட்டாரத்தில் 'டிக்ரினா' என்ற பெயரில் வளைய வந்தவர். அந்த வட்டாரமே அப்போது வீட்டுப் பத்திரிகைகளில் மிதந்துகொண்டிருந்தது.

அந்த வட்டாரம் உருவான விதம் வேடிக்கையானது. 1926இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் நியூயார்க்கில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார். வாசகர் கடிதங்களைப் போடும்போது எழுதியவரின் முழு முகவரியையும் சேர்த்துப் போட்டார். அவ்வளவுதான். ஊரில் தன்னைத் தவிர யாரும் ராக்கெட்டைப் பற்றி யோசிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்கள், பத்திரிகையை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கடிதம் சங்கமாயிற்று. 1930 மே மாதம் சிகாகோவிலிருந்து ஒரு சங்கம் 'தி காமெட்' என்ற இதழை வெளியிட்டது. ரசிகர் பத்திரிகைகளில் முதலாவது என்று இதைத்தான் சொல்கிறார்கள். இந்தப் பத்திரிகைகளுக்கு 'ஃபேன்ஸீன்' என்று பெயர் வைத்தவர் ரஸல் ஷோவனே என்ற ரசிகர், 1940இல். வால் மட்டும் வெட்டி எடுத்ததுதான் பிறகு வந்த 'ஸீன்'.

மெழுகுத் தாளில் டைப் அடித்து உருளையில் சுற்றி மையை ஒற்றி எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரம்தான் இவர்களுடைய அச்சகம். அதற்கும் வசதியில்லாதவர்கள் ஒரு தட்டில் ஜெலட்டின் கூழை உறைய வைத்து, அதன்மேல் ஊதா மையில் எழுதிய தாளை ஒற்றி, ஒவ்வொரு பிரதியாக எடுத்தார்கள். நாற்பது ஐம்பது பிரதிக்குமேல் எழுத்து மங்கிவிடும். கை பூரா ஊதா ஆகிவிடும்.

ஃபேன்ஸீன் பெருமை பேசுகிற எல்லோரும் இந்த இடத்தில் சூப்பர்மேனைக் கொண்டுவருவார்கள். கிளீவ்லாந்தில் பள்ளி மாணவர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் நடத்திய பத்திரிகையில், 1933 ஜனவரி இதழில், முதன்முதலாக ஒரு 'சூப்பர்மேன்' வந்தான். (அவன் வில்லன்!) பார்த்தீர்களா, சைக்ளோஸ்டைல் பத்திரிகையிலிருந்து எவ்வளவு பெரிய ஆள் வந்தான் என்பார்கள். தகவல் சரி. ஆனால் ஸீனை இப்படி அளப்பது, ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தை அங்கே படித்துக் கலெக்டர் ஆனவரை வைத்து மட்டும் அளப்பது மாதிரி. மற்ற நூறு பேர் எண்ணும் எழுத்தும் படித்துவிட்டுப் போனார்களே, அது கணக்கில் இல்லையா?

சூப்பர்மேனைவிட ஸீனின் குணத்தைக் காட்டுவது இன்னொரு ஏற்பாடு. 1937இல் டொனால்ட் வோல்ஹைம் ஆரம்பித்த அமெச்சூர் பத்திரிகைச் சங்கம், சுருக்கமாக 'ஃபாப்பா'. அதன் விதி இது: ஒவ்வொரு உறுப்பினரும் தன் பத்திரிகையை எல்லா உறுப்பினர்களுக்கும் போதுமான அளவு பிரதி எடுத்துப் பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் கலந்து கட்டி, ஆளுக்கு ஒரு கட்டாகத் திருப்பி அனுப்புவார். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. ஆரம்பத்தில் 50, பிறகு 65. இடம் காலியானால்தான் அடுத்தவர் உள்ளே. வருஷத்துக்கு எட்டுப் பக்கமாவது எழுதாவிட்டால் வெளியே. சும்மா உட்கார்ந்து படிக்கிற வாசகர் என்ற பிராணியே அங்கே கிடையாது!

எடித் ஐட் எடுத்துக்கொண்டது இந்தப் பாடத்தைத்தான். இயந்திரத்தை அல்ல, வழக்கத்தை. சின்ன எண்ணிக்கை, தெரிந்த முகவரி, புனைபெயர். ராக்கெட்டுக்காகப் பையன்கள் கண்டுபிடித்த ஏற்பாட்டை அவர் உயிர்ப் பிரச்சனைக்குப் பயன்படுத்தினார்.

முப்பது வருஷம் தாண்டி லண்டனுக்கு வந்தால், அங்கே இன்னொரு மாதிரி. 1976 ஜூலை. மார்க் பெர்ரி, வயது 19, வங்கிக் குமாஸ்தா. பங்க் இசை அப்போதுதான் முளை விடுகிறது. பிடித்த இசைக்குழுக்களைப் பற்றிப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்று, சின்ன வயதில் பரிசாகக் கிடைத்த டைப்ரைட்டரில் அடித்து, தலைப்புகளை மார்க்கர் பேனாவால் கிறுக்கி, 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பத்திரிகையைச் செய்தார். அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே. முதல் இதழை ஜெராக்ஸ் எடுத்தது அவருடைய காதலி, தன் ஆபீஸில். (கவனித்தீர்களா? மறுபடியும் ஆபீஸ்! ஸீன்களின் வரலாற்றை எழுதினால் முதல் நன்றி விவரம் தெரியாத மேலாளர்களுக்குத்தான் போக வேண்டும்.) சில டஜன் பிரதிகள். ரெக்கார்டு விற்கும் கடையில் வைத்தார், தீர்ந்துபோனது.

அந்த டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு தொலைக்காட்சி நேரலையில் கெட்ட வார்த்தை பேசிவிட, பிரிட்டன் பத்திரிகைகள் எல்லாம் பங்க் பையன்களைப் பற்றி எழுதித் தீர்த்தன. நாடு கெட்டது, குடும்பம் கெட்டது இத்யாதி. அதையெல்லாம் எழுதியவர்களில் கச்சேரிக்குப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பங்க் என்றால் என்ன என்று பங்க் கூட்டத்துக்கே அவர்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தப்பும் தவறுமாகத் தன் கூட்டத்தோடு பேசிக்கொண்டிருந்தது மார்க் பெர்ரியின் பத்திரிகை.

ஆனால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் வேறு. இதைப் படிப்பதோடு நிற்காதே, நீயே ஒரு பத்திரிகை ஆரம்பி என்று தன் வாசகர்களை விரட்டினார். எந்தப் பத்திரிகை ஆசிரியராவது தன் வாசகரை இப்படித் துரத்துவாரா? ஸ்காட்லாந்திலிருந்து வந்து, 'உங்கள் பத்திரிகையில் எழுதட்டுமா' என்று கேட்ட டோனி டிரேட்டன் என்ற பையனுக்கும் அதே பதில்தான். அந்தப் பையன் ஊருக்குப் போய் 1976 நவம்பரில் 'ரிப்ட் அண்ட் டோர்ன்' ஆரம்பித்தான். இதேபோல ஊர் ஊராக. 1977 ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற இன்னொரு ஸீனில் ஒரு படம் வந்தது. கிடார் வாசிக்கும் மூன்று ஸ்வரக்கட்டுகளைக் கோணல்மாணலாக வரைந்து, இவ்வளவுதான் தேவை, போய்க் குழு ஆரம்பி என்று கீழே எழுதியிருந்தது. இன்றைக்கு அதை டீ ஷர்ட்டில் போட்டு விற்கிறார்கள். பல பேர் அதை 'ஸ்னிஃபின் க்ளூ'வில் வந்ததாகச் சொல்கிறார்கள், தவறு.

ஒரு வருஷத்தில் மார்க் பெர்ரியின் பத்திரிகை பல ஆயிரம் பிரதி விற்க ஆரம்பித்தது. இசை நிறுவனங்கள் விளம்பரம் கொடுத்தன, இலவச ரெக்கார்டு அனுப்பின. 1977 இலையுதிர் காலத்துக்குள், பன்னிரண்டு இதழோடு, நிறுத்திவிட்டார். அவருக்குச் சொந்தமாகக் குழு நடத்தும் ஆசை வந்துவிட்டது என்பதும் உண்மைதான், தியாகி ஆக்க வேண்டியதில்லை. ஆனால் நன்றாக விற்கும் பத்திரிகையை யார் நிறுத்துவார்கள்? முகம் தெரியாத பல ஆயிரம் பேருக்கு எழுதினால் அது வேறு பத்திரிகை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழில் இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சாகாது என்று அறிவித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். 'எழுத்து' ஒளிந்து படிக்க வேண்டிய பத்திரிகை இல்லை. ஸீனும் சிறுபத்திரிகையும் ஒன்றல்ல. இருந்தாலும் இதற்குமேல் வாசகர் வேண்டாம் என்று ஒரு பத்திரிகை தானே கோடு போட்டுக்கொள்ள முடியும் என்பது தமிழ் வாசகருக்குத் தெரிந்த விஷயம்தான்.

மறுபடியும் அமெரிக்கா, 1991. பங்க் கச்சேரிகளில் முன்வரிசையில் பையன்கள் முட்டி மோதிக்கொண்டிருக்க, பெண்கள் சுவரோரம் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதற்கு எதிராக ஒலிம்பியா, வாஷிங்டன் நகரங்களில் ஆரம்பித்த பெண்கள் கூட்டத்துக்கு 'ரயட் கேர்ள்' என்று பெயர். 'பிகினி கில்', 'கேர்ள் ஜெர்ம்ஸ்', 'ஜிக்ஸா' என்று ஸீன்கள். ஒன்றின் பிரதிகள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலக ஜெராக்ஸ் இயந்திரத்திலேயே எடுக்கப்பட்டன. (மக்கள் வரிப்பணம்!)

இந்த ஸீன்களில் இசை விமர்சனத்தைவிட வேறு விஷயங்கள் அதிகம் இருந்தன. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் தங்கள் வீட்டுக்குள் நடந்ததை எழுதினார்கள். மாமா செய்தது, அப்பா செய்தது, சாப்பிடாமல் உடம்பை வருத்திக்கொண்டது, காதலன் பலவந்தப்படுத்தியது. தாயிடம் சொல்ல முடியாததை எழுதி, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, ஒரு டாலரும் தபால் தலையும் அனுப்பிய இன்னொரு ஊர்ப் பெண்ணுக்கு அனுப்பினார்கள். அவள் பதில் எழுதினாள், எனக்கும் நடந்தது என்று. அந்தப் பதில் கடிதம்தான் ரயட் கேர்ள். கச்சேரி எல்லாம் அப்புறம்.

1992இல் பெரிய பத்திரிகைகளுக்கு மோப்பம் பிடித்துவிட்டது. 'நியூஸ்வீக்' வரை எழுதியது. என்ன உடை, என்ன முடி, உடம்பில் எழுதிக்கொள்கிறார்களாமே என்று. நாற்பது பேருக்கு என்று எழுதிய ரகசியங்கள் லட்சம் பேருக்குத் தீனி ஆயின. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பத்திரிகைக்காரர்களோடு பேசுவதில்லை என்று தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். விளம்பரம் வேண்டாம் என்று சொன்ன இயக்கம்! பைத்தியக்காரத்தனம் என்று அன்று பலர் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு அந்த ஸீன் யாருக்காக எழுதப்பட்டது என்பது கடைசி வரை புரியவில்லை.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. சின்ன வட்டத்துக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. வட்டத்தை யார் போடுகிறார்கள்? ரயட் கேர்ள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களின் வட்டமாகவே இருந்தது. 'எல்லாப் பெண்களும்' என்று எழுதியபோது மற்ற நிறப் பெண்கள் அதற்குள் இல்லை. இதைக் கேட்டதும் இன்னொரு ஸீன்தான்: 1997இல் மிமி தி நுயென் தொகுத்த 'எவல்யூஷன் ஆஃப் எ ரேஸ் ரயட்'. பங்க் உலகத்திலிருந்த ஆசிய, கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் எழுதியதைச் சேர்த்து வெள்ளை நண்பர்களின் முகத்துக்கு நேராக நீட்டியது. ஒரு ஸீன் வெளியே நிறுத்தியவர்கள் தங்களுக்கென்று இன்னொன்றை ஆரம்பிக்கலாம் என்பது ஒரு பதில்தான். ஆனால் அது முழுப் பதில் அல்ல. நிறுத்தப்பட்ட வலி அதனால் போய்விடாது.

இப்போது அந்தப் பெரிய தப்புக்கு வரலாம்.

ஸீன்களுக்கு இன்று மரியாதை வந்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் சேகரிக்கின்றன. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்தில் ரயட் கேர்ள் தொகுப்பே தனியாக இருக்கிறது, அதிலிருந்து தேர்ந்தெடுத்த பக்கங்கள் 2013இல் புத்தகமாகவும் வந்தன. நல்ல விஷயம். ஆனால் அடுத்த படியாக 'எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடு, அறிவு எல்லோருக்கும் பொது' என்று ஒரு குரல் கேட்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஆபத்து.

நடந்த உதாரணம் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் 1984இல் லெஸ்பியன் பெண்கள் தங்களுக்காக ஆரம்பித்த 'ஆன் அவர் பேக்ஸ்' என்ற பத்திரிகை. ஸீனைவிடப் பெரியது, கடையில் விற்றது. ஆனால் அதில் படங்களுக்கு நின்ற பெண்கள், அந்தச் சின்னச் சமூகத்துப் பெண்கள் மட்டும் பார்க்கப்போகிறார்கள் என்று நம்பி நின்றவர்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு நிறுவனம் மொத்தத்தையும் ஸ்கேன் செய்து யாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஏற்றியது. உரிமை எல்லாம் காகிதத்தில் சரியாக இருந்ததாம். படத்தில் இருந்தவர்களை யார் கேட்டது? முப்பது வருஷம் கழித்து ஒருத்தி ஆசிரியையாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம். கனடாவைச் சேர்ந்த ஒரு நூலகர் இதை எதிர்த்து எழுத, விவாதம் பெரிதாகி, 2016 ஆகஸ்டில் அது இறக்கப்பட்டது.

காப்புரிமை வேறு, சம்மதம் வேறு. பத்துப் பேரிடம் சொல்லச் சம்மதித்தவள் பத்துக் கோடிப் பேரிடம் சொல்லச் சம்மதிக்கவில்லை. பதினாறு வயதில் ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றி எழுதிய பக்கம், இன்று அவள் பெயரைத் தேடும் முதலாளிக்கும், மாமியாருக்கும், அந்த அப்பாவுக்குமே கிடைக்கும் என்றால், அதை அறிவுப் பரவல் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

இதை நூலகர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பது ஆறுதல். ஸீன் சேகரிக்கும் நூலகர்கள் சிலர் சேர்ந்து 2015இல் ஒரு நெறிமுறைக் குறிப்பு எழுதினார்கள். எழுதியவரைத் தேடிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள் என்பது மாதிரியான விஷயங்கள். அந்தக் குறிப்பையும் ஒரு ஸீனாகவே வெளியிட்டார்கள்.

எதிர்க்கட்சிக்கும் பலமான வாதம் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் வைத்துக் காப்பாற்றாமல் இருந்திருந்தால் 'வைஸ் வெர்ஸா' என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போயிருக்கும். எங்கோ ஒரு கிராமத்தில் தனியாக இருக்கும் பெண், நியூயார்க் போய் நூலகத்தில் உட்கார முடியுமா? அவளுக்குத்தானே இணையம்? சரியான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் 1947ஆம் வருஷத்து ரகசியத்தைத் திறந்து போடுவதல்ல. சம்மதம் தெரிவித்தவர்களுடையதைப் போடட்டும். அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள், தாங்களே ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள்.

எடித் ஐட் விஷயமே சிக்கலானது. 1950களில் 'தி லேடர்' பத்திரிகைக்கு எழுதியபோது 'லிசா பென்' என்று பெயர் வைத்துக்கொண்டார் ('லெஸ்பியன்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் வருவது). 1992இல் வந்த ஒரு வாய்மொழி வரலாற்று நூலிலும் லிசா பென்தான், சொந்தப் பெயர் இல்லை. முன்னோடி என்று ஊரே கொண்டாட ஆரம்பித்த பிறகும் அந்தக் கதவைப் பாதிதான் திறந்து வைத்திருந்தார். 2015 டிசம்பரில், 94 வயதில் இறந்தபிறகு இரங்கல் குறிப்புகளில் சொந்தப் பெயர் தாராளமாக வந்தது. இந்தக் கட்டுரையும் அந்தப் பெயரைத்தான் இத்தனை தடவை சொல்லியிருக்கிறது. அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

எழுதியவரைக் கண்டுபிடிக்கவே முடியாத ஸீன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முதல் பெயர் மட்டும் போட்டிருக்கும், தபால் பெட்டி எண் காலாவதியாகியிருக்கும், கல்யாணமாகிப் பெயர் மாறியிருக்கும். அவற்றை என்ன செய்வது? அலமாரியில் இருக்கட்டும். வேண்டியவர் வந்து, பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜையில் உட்கார்ந்து படிக்கட்டும்.